அத்தைக்கு என்ன பிடிக்கும்

நவம்பர் 12, புதன்

காலையிலிருந்து தூறல். ஓசூர்க் குளிர். துணி காயவில்லை. ஞாயிற்றுக்கிழமை அத்தைக்குப் பதினாறாம் நாள் காரியம். மூத்த மருமகள் என்று எல்லா வேலையும் என் தலையில். வாங்க வேண்டியது: வாழையிலை, சூடம், பேப்பர் கப்.

பெங்களூரிலிருந்து கொழுந்தன் போன். பேனருக்கு வாசகம் தயாராம். "யார் மனதும் நோகாமல் வாழ்ந்த தெய்வத் தாய்." நோகாமலா! அத்தை வாயைத் திறந்தால் கம்பெனி கேட் வாட்ச்மேனே எழுந்து நிற்பான். அத்தை நடத்திய மெஸ்ஸில் சோற்றை மிச்சம் வைத்தவனைத் தமிழில் திட்டத் தொடங்கி, தெலுங்குக்குப் போய், கன்னடத்தில் முடிப்பார். அவனும் மறுநாள் வந்து உட்காருவான். கல்லாவிப் பக்கத்திலிருந்து மூன்று பிள்ளைகளோடு வந்து, தனியாக அடுப்பு மூட்டி, எல்லா ஷிப்டுக்கும் சோறு போட்ட மனுஷி. பேனர் எழுதுகிறானாம். மூஞ்சியைப் பார்.

நவ. 13, வியாழன்

சிலிண்டர் வந்தது. போச்சம்பள்ளியிலிருந்து நாத்தனாரும் வந்தாள். வந்ததும் அத்தையின் பீரோவைத் திறந்தாள். அழுதாள். புடவைகளைப் புரட்டினாள். மறுபடி அழுதாள்.

"எங்கம்மா ஒரு பட்டுகூட கட்டாம போயிருச்சே அண்ணி."

இருந்த பட்டுப் புடவையெல்லாம் யார் எடுத்துப் போனது என்று நான் கேட்கவில்லை. கொள்ளுப்பேரனைக் கொஞ்சிவிட்டுத் தூக்கத்திலேயே போனவர் அத்தை. கல்யாணச் சாவு என்று ஊரே சொல்கிறது. இவளுக்குப் புடவைக் கவலை.

நவ. 14, வெள்ளி

படையல் பேச்சு. செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் வைப்பது எங்கள் வழக்கம். அது ஒன்று சரியாக நடந்தால் போதும் எனக்கு. பேனர் நாசமாய்ப் போகட்டும்.

"அம்மாவுக்கு கேசரின்னா உசுரு," என்றான் கொழுந்தன், வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"கேசரியா? யாரு சொன்னா? அதிரசம்தான்," என்றாள் நாத்தனார்.

எங்கள் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "மட்டன். நல்லி போட்டு வைக்கணும்," என்றார்.

சிரிப்பு வந்தது. கேசரிச் சட்டியை வழிப்பவன் கொழுந்தன். தீபாவளிக்கு வந்தால் அதிரச டப்பாவோடு பஸ் ஏறுபவள் நாத்தனார். இவர் நல்லி உறிஞ்சும் சத்தம் தெருவுக்கே கேட்கும். பெற்றவள் வாயில் என்ன போனது என்று ஒருத்தருக்கும் தெரியாது. மூன்று ஜென்மங்கள்! அதைச் சொல்லியும் காட்டினேன்.

"அப்ப நீங்களே சொல்லுங்க அண்ணி. நீங்கதான கூடவே இருந்தீங்க," என்றாள் நாத்தனார்.

யோசித்துப் பார்த்தேன். எல்லாருக்கும் போட்டுவிட்டுத்தான் அத்தை உட்காருவார். சட்டியில் ஒட்டியிருப்பதில் சோற்றைப் போட்டுப் பிசைவார். மேலே கொஞ்சம் மோர். அது பிடித்தா, வேறு இல்லாமலா? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள் நான். ஒரு நாளும் கேட்கவில்லை. மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள்.

"களியும் கருவாட்டுக் குழம்பும்," என்றேன்.

"அட, ஆமா!" என்றான் கொழுந்தன். "விரல நக்கிகிட்டே சாப்பிடுமே அம்மா!"

நாத்தனார் கண்ணைத் துடைத்தாள். "எனக்கும் இப்பத்தான் ஞாபகம் வருது."

தூ!

நவ. 16, ஞாயிறு

வெயில். நல்ல கூட்டம். பேனரில் கொழுந்தன் அத்தையைச் சிவப்பாக்கி, கழுத்தில் இல்லாத நகையெல்லாம் போட்டிருந்தான். களி நானே கிண்டினேன். இலையில் வைத்துக் கும்பிட்டோம்.

பந்தியில் கொழுந்தன் கருவாட்டுக் கதையை ஆள் ஆளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அதற்குள் கதை வளர்ந்துவிட்டது. அம்மா கருவாடு இல்லாமல் கையை நனைக்காதாம். சனமும் தலையாட்டியது. யாரோ ஒரு கிழவர், "நானே பாத்திருக்கேன்," என்றார்.

கடைசியில் படையல் இலையை நாத்தனார் என் முன்னால் வைத்தாள். "நீங்க சாப்புடுங்க அண்ணி. எங்களவிட நீங்கதான் எங்கம்மாவப் பாத்தீங்க."

அத்தை கருவாட்டைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. அது உயிர் எனக்குத்தான். எனக்கென்றே சந்தையில் பார்த்து வாங்கி வருவார். இலையை வழித்துச் சாப்பிட்டேன்.