மணல்வாரி வந்த வழி

பூலாம்பாடி
17.4.1981

அக்காவுக்கு,

நல்லா இருக்கியான்னு கேட்டு எழுத மனசு வரலை. பூங்கொடியை முந்தாநாள் அடக்கம் பண்ணிட்டோம். மூணு வயசுப் புள்ள. மணல்வாரி அம்மை போட்டு, அது எறங்குறப்ப நெஞ்சுல சளி கட்டி, மூச்சு விட முடியாமப் போயிட்டா.

அஞ்சாம் தேதி ஞாயித்துக்கிழமை, நீ நர்ஸ் வேலை முடிஞ்சு ஆஸ்பத்திரியிலேருந்து நேரா வந்த. சீலையைக்கூட மாத்தாம அவளை மடியில வெச்சுக் கொஞ்சுன. மறுநாளே காய்ச்சல். ஊரு நோயையெல்லாம் எம் புள்ளைக்குக் கொண்டாந்தியே. இனி எங்க வாசப்படி மிதிக்காத.

ராசாத்தி

அரியலூர்
20.4.1981

என் தங்கை ராசாத்திக்கு,

என்னைத் திட்ட ஆயுசு முழுக்க இருக்கிறது. இப்போது சின்னவன் வீரமணியைப் பார். காலரா தண்ணீரில் வரும், மலேரியா கொசுவால் வரும். மணல்வாரி மூச்சுக்காற்றில் வருகிறது. இருமினாலே பக்கத்துப் பிள்ளைக்குப் போய்விடும். தன் அக்காள் பூங்கொடி கூடவே கிடந்தவனுக்கு இந்நேரம் ஒட்டியிருக்கும்.

அம்மை கண்ட வீட்டில் மருந்து கூடாது என்பார் உன் மாமியார். கேட்காதே. தாய்ப்பாலை நிறுத்தாதே. மூச்சு இரைத்தால், விலா உள்ளே இழுத்தால், பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு. என் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. ஓடு.

கமலவேணி

பூலாம்பாடி
12.5.1981

அக்கா,

வீரமணி பொழைச்சுட்டான். நீ எழுதுன மாதிரியே விலா இழுத்துச்சு. மாமியார் மறிச்சாங்க. ஒங் காயிதத்தை மடியில சொருவிக்கிட்டு ஓடுனேன். எட்டு நாள் ஊசி போட்டாங்க.

நேத்து சுகாதார நர்ஸ் கிருஷ்ணம்மாள் வந்து, யாருக்கு எப்ப வந்துச்சுன்னு விசாரிச்சாங்க. மணல்வாரி ஒட்டி, பத்து நாள் போலக் கழிச்சுத்தான் காய்ச்சல் காட்டுமாம். அப்ப ஞாயித்துக்கிழமை வந்த ஒன்னால திங்கக்கிழமை எப்படி வரும்?

அதுக்குப் பத்து நாள் முந்தி, பாடாலூர்ல கொழுந்தன் வூட்டுக் காதுகுத்து. அவங்க புள்ள கண்ணு செவந்து இருமிக்கிட்டுக் கெடந்துச்சு. நாந்தான் அதும் பக்கத்துல, ஒரே பாயில பூங்கொடியைப் படுக்க வெச்சேன். நாந்தான் அக்கா.

ஆஸ்பத்திரிக்காரி, ஒனக்கு இந்தக் கணக்குத் தெரியாதா? ஒரு வரி எழுதியிருக்கலாமே. சொன்னா நான் ஒடிஞ்சு போயிடுவேன், இருக்குற புள்ளையையும் பாக்க மாட்டேன்னுதானே பேசாம இருந்த?

சனிக்கிழமை பஸ்ஸுக்கு வா. இவரு ரோட்டுல நிப்பாரு. வந்து நாலு வார்த்தை ஏசு. நீ ஏசாம இருக்குறதுதான் எனக்குத் தாங்கலை.

ஒந் தங்கச்சி
ராசாத்தி