நமக்கு வர வேண்டிய காசு

மார்ச் 4

வரி அலுவலகத்திலிருந்து பணம் வந்திருக்கிறது. நாங்கள் கட்ட வேண்டியது அல்ல, அவர்கள் எங்களுக்குத் தந்தது. வங்கியின் செய்தியை மூன்று முறை படித்தேன். என் ஒன்றரை மாதச் சம்பளம்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட இப்படி நடந்ததில்லை. வருடா வருடம் நாங்கள்தான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீடு வீடாகப் போய் ஜன்னல் கண்ணாடி மாட்டிச் சம்பாதிப்பார். அதற்கு யாரும் வரி பிடிப்பதில்லை. வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்ட வேண்டும். கட்டிவிட்டு வந்த அன்று வீட்டில் இழவு விழுந்த மாதிரி உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்ட மனிதர் குளித்துவிட்டு வந்ததும் போனைக் காட்டினால், தலையைத் துவட்டிக்கொண்டே, "கூடப் பிடிச்சிட்டாங்க போல" என்கிறார். அவ்வளவுதான். தெருவில் கிடந்த நாணயத்தை எடுத்தால் அதைப் பற்றியே நாள் முழுக்கப் பேசுகிறவர்.

எனக்கு இது பிடிக்கவில்லை.

மார்ச் 6

இன்று ரிட்டர்ன் கவுண்டருக்கு ஒரு அம்மாள் கோட்டு ஒன்றைத் திருப்பித் தர வந்தார். ஒரு முறைகூடப் போடவில்லையாம். காலரை மோந்து பார்த்தேன். நேற்றைய விருந்தின் சென்ட் வாசனை அப்படியே இருந்தது. பதினொரு வருடமாக அந்தத் துணிக்கடையில் எனக்கு அதே மேஜை. எது உண்மை, எது புளுகு என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். எங்கள் கடையில் காரணம் என்ற கட்டத்தை நிரப்பாமல் ஒரு காசுகூடத் திரும்பிப் போகாது. அளவு சரியில்லை, சாயம் போகிறது, தையல் விட்டுவிட்டது, ஏதாவது ஒன்று எழுத வேண்டும்.

ஒரு துணிக்கடையே இவ்வளவு கேட்கிறது. அரசாங்கம் சும்மா தூக்கிக் கொடுக்குமா? அவர் என்ன காரணம் எழுதினார்?

மார்ச் 7

வெளியூரில் படிக்கும் மகள் போன் செய்தாள். வாய் சும்மா இருக்காமல் நானே சொல்லிவிட்டேன். உடனே லேப்டாப் வேண்டுமாம். அந்தக் காசைத் தொடக்கூடாது, அது நம்முடையதுதானா என்று முதலில் தெரிய வேண்டும் என்றேன். "உனக்குக் காசு வந்தாலும் பயம், வராட்டாலும் பயம்மா" என்றாள். அவள் சொல்வதும் சரிதான்.

மார்ச் 9

தம்பி வந்திருந்தான். அவன் ஆபீஸில் பாதிப் பேர் பொய் பில் வைத்துத்தான் ரீஃபண்ட் வாங்குகிறார்களாம். "மாமாவும் தேறிட்டார்க்கா" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே ஆபீஸில் ஒருவர் மாட்டிக்கொண்டு, வாங்கியதைப் போல மூன்று மடங்கு கட்டினாராம். வேலையும் போயிற்றாம். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னான்.

இவர் பொய் பில் வைக்கிற ஆளா? கஞ்சர், ஒப்புக்கொள்கிறேன். புது சோப்பைக் கத்தியால் இரண்டாக வெட்டி ஒரு பாதியை பீரோவில் வைத்துப் பூட்டுகிறவர். ஆனால் அடுத்தவர் காசு அவர் கையில் ஒட்டாது. கடைக்காரர் தவறிப்போய்க் கூடக் கொடுத்த சில்லறையைத் திருப்பித் தர மழையில் நடந்து போயிருக்கிறார். அப்படியானால் இது என்ன? இருபத்திரண்டு வருடம் ஒருவரோடு இருந்தால் அவரைத் தெரிந்துவிடும் என்று யார் சொன்னது?

மார்ச் 11

கேட்டே விட்டேன். படிவத்தின் நகலைக் காட்டுங்கள் என்றேன். இந்த வருடம் கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்து நிரப்பினாராம், நகல் அங்கேயே இருக்கிறதாம். அதுவும் காசு கொடுத்து! வருடா வருடம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, கறுப்புப் பேனாவை எடுத்து, அச்சடித்த மாதிரி அவரேதான் எழுதுவார். அந்தக் கையெழுத்தில் அவருக்கு அவ்வளவு கர்வம். யாராவது பாராட்டினால் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இன்னொரு முறை காட்டுவார்.

இப்போது அவர் எழுதும் மளிகைச் சீட்டைப் பார்த்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. முதல் வரி தெரிகிறது. கடைசி வரிக்குப் பூதக்கண்ணாடி வேண்டும். காகிதத்திலும் சிக்கனம் பிடிக்கத் தொடங்கிவிட்டாரா?

இன்னொன்று. அந்தப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் கணவனும் மனைவியும் கையெழுத்துப் போட வேண்டும். நானும் போட்டேன். படிக்காமல். கடையில் ஒரு பில்லை வரி விடாமல் படிக்கிறவள், வீட்டில் அவர் நீட்டிய இடத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மாட்டினால் நானும்தான்.

மார்ச் 14

நடக்கும்போது இடது கையை பேண்ட் பைக்குள்ளேயே வைத்திருக்கிறார். அதற்குள் அப்படி என்ன இருக்கிறது?

மார்ச் 15

துவைக்கப் போடும்போது பையைத் துழாவிப் பார்த்தேன். இரண்டு பஸ் டிக்கெட். இரண்டும் புதன்கிழமை வாங்கியவை. இரண்டும் ஊரின் அந்தக் கோடிக்கு. அவர் வேலை செய்யும் கண்ணாடிப் பட்டறையோ வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போவதையும் ஏழெட்டு மாதமாக விட்டுவிட்டார். முதுகு வலி என்றார். நம்பினேன். நான், நம்பினேன்.

பொம்பளையோ? — எழுதியதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாதி சோப்பு கொடுக்கிற ஆளை எந்தப் பொம்பளை வைத்துக்கொள்வாள்? சிரித்து முடித்த பிறகு டிக்கெட்டுகளை எடுத்துத் தேதியை மறுபடி பார்த்தேன். இன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

மார்ச் 20

லீவு போட்டுவிட்டு வரி அலுவலகத்துக்குப் போனேன். டோக்கன் வாங்கி ஒன்றே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கவுண்டரில் என் மகளைவிட நாலைந்து வயது மூத்த பெண் ஒருத்தி. அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, என் கையெழுத்தும் இருப்பதால் எனக்குச் சொல்லலாம் என்றாள்.

"நீண்டகால நோய்க்கான வரிக் கழிவு கேட்டிருக்காங்கம்மா. போன வருஷத்துக்கும் சேத்து."

யாருக்கு நோய் என்றேன். உங்கள் வீட்டுக்காரருக்குத்தான் என்றாள். நரம்பு சம்பந்தப்பட்டதாம், டாக்டர் சான்றிதழ் இணைத்திருக்கிறாராம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தறியாத மனிதர். எல்லாம் விளங்கிவிட்டது. ஊரின் அந்தக் கோடியில் எவனோ ஒருவன், காசு வாங்கிக்கொண்டு சான்றிதழ் எழுதிக் கொடுக்கிறான். இவர் புதன்கிழமை புதன்கிழமை போய் நோயாளி வேஷம் கட்டிவிட்டு வந்திருக்கிறார். கஞ்சத்தனம் கடைசியில் இங்கே கொண்டுவந்து விட்டதா?

சான்றிதழ் பொய்யாக இருந்தால் என்ன ஆகும் என்று பொதுவாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். அபராதம், சில சமயம் வழக்கும் உண்டு என்றாள். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பார்வையை வாங்குவது இதுதான் முதல் முறை.

இப்போது மணி நான்கு. ஆறு மணிக்கு வருவார். வரட்டும்.

மார்ச் 21

எழுத முடியவில்லை.

மார்ச் 22

எழுதித்தான் ஆக வேண்டும்.

அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டேன். யார் அந்த டாக்டர், எவ்வளவு கொடுத்தீங்க, நாம ஜெயிலுக்குப் போகணுமா, பாப்பா படிப்பு என்ன ஆகும், என்கிட்ட எதுக்குக் கையெழுத்து வாங்கினீங்க... மூச்சு விடாமல் கேட்டேன். அவர் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்தார். இடது கையைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

கை ஆடியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுகிற மாதிரி. வலது கையால் அமுக்கிப் பிடித்தார். விட்டதும் மறுபடி ஆடியது. பக்கத்திலிருந்த டம்ளரில் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது.

"பொய் இல்ல" என்றார்.

நடுக்குவாதமாம். ஒன்றே முக்கால் வருடமாகத் தெரியுமாம். கண்ணாடி வெட்டுகிற வேலையை விட்டு ஏழு மாதமாகிறது. முதலாளி அவரை அளவெடுக்கிற வேலைக்கு மாற்றிவிட்டார், சம்பளம் குறைவு. குறைந்ததைத் தன் சேமிப்பிலிருந்து எடுத்துப் போட்டு மாதா மாதம் முழுசாக என்னிடம் கொடுத்திருக்கிறார். பட்டறை முழுக்கத் தெரியும். அரசாங்கத்துக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

"என்கிட்ட சொல்லாம வரி ஆபீஸ்ல போய்ச் சொன்னீங்களா?"

பாப்பாவின் பரீட்சை முடியட்டும் என்று இருந்தாராம். பிறகு அப்படியே தள்ளிப் போய்விட்டதாம். டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் படிவத்துல கட்டம் இருந்துச்சு. நமக்கு வர வேண்டிய காசு. விட மனசு வரல."

நான் சிரித்துவிட்டேன். கடவுளே, அந்த நேரத்தில் சிரித்தேன். அவரும் சிரித்தார். பெண்டாட்டிக்கே ஒளித்து வைத்த வியாதியை ஒரு கழிவுக்காக எழுதிக் கொடுக்கிற ஆள் இவர் ஒருவராகத்தான் இருப்பார். அதற்கப்புறம் நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டினாள்.

மார்ச் 23

பொய்யாக இருந்திருக்கக் கூடாதா. மூன்று மடங்கு கட்டியிருப்பேனே.

மார்ச் 26

புதன்கிழமை. நானும் கூடப் போனேன்.

காசுக்குச் சான்றிதழ் எழுதும் டாக்டர் என்று நான் திட்டிய மனிதர் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்புப் பிரிவுக்கே தலைவர். இருந்தாலும் சுவரில் மாட்டியிருந்த பட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். வேறு ஏதாவது வியாதியாக இருக்கலாமே, பட்டறைத் தூசியால் வந்திருக்கலாமே, இன்னொரு இடத்தில் காட்டலாமா என்று கேட்டேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன். கோபித்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். தாராளமாகக் காட்டுங்கள் என்று அவரே ஒரு பெயரும் எழுதிக் கொடுத்தார்.

இவரை ஒரே வாக்கியத்தை ஐந்து தடவை எழுதச் சொன்னார். முதல் வரி இவருடைய எழுத்து, எனக்குத் தெரிந்த எழுத்து. போகப் போகச் சுருங்கி, ஐந்தாவது வரி படிக்க முடியாமல் போயிற்று. இதைத்தான் நான் சிக்கனம் என்று கேலி பேசியிருக்கிறேன். மருந்தால் கட்டுக்குள் வைக்கலாம், மெதுவாகத்தான் கூடும் என்றார் டாக்டர். மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக என்று கேட்டேன். அது ஆளுக்கு ஆள் மாறும் என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஒரே கோபம். வியாதிமேல் இல்லை, அவர்மேல். ஒன்றே முக்கால் வருடம் அந்த நாற்காலியில் தனியாகப் போய் உட்கார்ந்திருக்கிறார். முதலாளிக்குச் சொல்ல வாய் வந்தது, எனக்குச் சொல்ல வரவில்லை. நான் என்ன செய்துவிடுவேன் என்று பயந்தார்? பஸ்ஸை விட்டு இறங்கும்போது படியில் தடுமாறினார். கையைப் பிடித்துக்கொண்டேன். கோபம் குறையவில்லை, கையையும் விடவில்லை.

ஏப்ரல் 2

இரண்டாவது டாக்டரும் அதே வியாதியின் பெயரைத்தான் சொன்னார்.

மே 18

மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். அவரே சொன்னார். நான் சொல்கிறேன் என்றதற்கு விடவில்லை. அவள் அழவில்லை. அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தாள். பிறகு அவள் உள்ளே போனதும் குளியலறைக் குழாய் மட்டும் ரொம்ப நேரம் ஓடியது.

வரி அலுவலகம் தந்த காசில் லேப்டாப் வாங்கிக்கொள் என்றார். வேண்டாம், மருந்துக்கு வையுங்கள் என்றாள். இரண்டு நாள் இருவருக்கும் சண்டை. கடைசியில் கடைக்கு இழுத்துக்கொண்டு போய் வாங்கிக் கொடுத்துவிட்டார், அரை மணி நேரம் பேரம் பேசி, ஒரு பையையும் இனாமாக வாங்கிக்கொண்டு. விற்பனைப் பையன் எங்களைப் பாவமாகப் பார்த்தான். எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது.

நவம்பர் 3

சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். வலது கையிலும் தொடங்கிவிட்டதோ என்று சந்தேகமாக இருக்கிறது. கேட்டால் இல்லவே இல்லை என்கிறார். டம்ளரை எந்தக் கையால் எடுக்கிறார், சாவியை எத்தனை தடவை துவாரத்தில் வைக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நான் பார்ப்பது அவருக்குத் தெரிகிறது. தெரியாத மாதிரி இருக்கிறார்.

ஜனவரி 12

பட்டறையிலிருந்து நின்றுவிட்டார். முதலாளி போகச் சொல்லவில்லை, இவரேதான் நின்றார். இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். வலது கையைப் பற்றி இன்னும் இருவரும் பேசவில்லை.

பிப்ரவரி 8

இன்று படிவம் நிரப்பினோம். கம்ப்யூட்டர் சென்டருக்குக் காசு கொடுப்பதில்லை என்று முடிவு. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வாடகை, மருந்து பில், மகளின் படிப்புச் செலவு, எல்லாவற்றையும் வரிசைப்படி அடுக்கி வைத்திருந்தார். இரண்டு இடத்தில் என் கூட்டலைத் திருத்தினார். என் கையெழுத்தைப் பார்த்து, கோழி கிளறியதைப் போல இருக்கிறது என்றார்.

மூன்றாம் பக்கத்தில் நோய்க்கான பகுதி. போன வருடத்தைவிட இப்போது எப்படி என்று கேட்டு, மூன்று கட்டங்கள். குறைந்திருக்கிறது, அப்படியே இருக்கிறது, கூடியிருக்கிறது. கூடியிருந்தால் கழிவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதைப் போன வாரமே விதிப் புத்தகத்தில் படித்து எனக்குச் சொன்னவர் அவர்தான். நான் பேனாவை மூன்றாவது கட்டத்துக்குக் கொண்டுபோனேன்.

"அப்படியே இருக்குன்னு போடு" என்றார்.

நிமிர்ந்தேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் மடியில் இருந்தன, இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. கூடியிருக்கிறது என்று போட்டால் நிறைய வருமே என்றேன்.

"தெரியும். வேணாம்."

அப்படியே இருக்கிறது என்ற கட்டத்தில் டிக் போட்டேன். படிவத்தை அவர் பக்கம் திருப்பி வைத்து, ஒரு முறை படித்துப் பாருங்கள் என்றேன். ஒவ்வொரு வரியாகப் படித்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்.