கம்ப்யூட்டருக்குத் தைத்த சட்டை

கடல் நடுவே காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் என் அருமை மனைவிக்கு,

நான், நம் குழந்தை வாலு, உன் தம்பி மூவரும் சௌக்கியம். நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்குத்தான் உடம்பு சரியில்லாமல் போய் இப்போது ஒருவழியாகத் தேறியிருக்கிறது. அதனால்தான் ஈமெயில் வரவில்லை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருப்பாய். சத்தியமாக இல்லை. ரிப்பேர் செய்த பிறகு அது ஈமெயில் பாஸ்வேர்டைக் கேட்கிறது. அது உனக்குத்தான் தெரியும். பெட்டிக்கு முன்பு தெரிந்திருந்தது, இப்போது அதுவும் மறந்துவிட்டது. ஆகவே இந்தக் கடிதத்தைப் படகுக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். நனையாமல் இருக்க ரெக்சின் உறை தைத்திருக்கிறேன், சிரிக்காதே.

வானிலை நிலையத்தில் இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், இருக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். உனக்குப் பதிலாக வருகிறவரை அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்ய, இந்தப் படகிலேயே என் பதில் வர வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். அந்தப் பதிலைத்தான் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தேன். பாதிப் பக்கம் வந்திருக்கும். திரை பொசுக்கென்று அணைந்தது.

பட்டனை அழுத்தினால் உள்ளே விசிறி சுற்றும், சுற்றின வேகத்தில் நிற்கும். கொஞ்ச நேரம் விட்டு அழுத்தினால் எழுந்து வரும், நாலு வரி தட்டுவதற்குள் மறுபடி படுத்துவிடும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதில் போனால் போகிறது, நீ தீவுக்குக் கிளம்புமுன் உட்கார்ந்து பேசிப் பதிந்து வைத்தாயே கதைகள், அவ்வளவும் அந்தப் பெட்டிக்குள்தானே இருக்கின்றன. வாலு சாப்பிட உட்காரும்போதெல்லாம் உன் குரல் ஓட வேண்டும், இல்லாவிட்டால் வாய் திறக்காது. நானே கதை சொல்லிப் பார்த்தேன். என் கதையில் சிங்கத்துக்கு இருமல் வருகிறது என்று குற்றம் சாட்டித் தட்டைத் தள்ளிவிட்டது.

உன் தம்பி இருக்கிறானே, வாய் கிழியப் பேசுவான். எல்லாம் மெமரி கார்டு செய்யும் வேலை, ஐந்து நிமிஷம் போதும் அத்தான் என்றான். பெட்டியைத் தன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்த் திறந்து, அந்தக் கார்டைக் கழற்றி, வாலுவின் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினான். ஆச்சரியம், ஓடியது. மாலை வரை ஓடியது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கூடத்தில் அதன் இடத்தில் கொண்டுவந்து வைத்ததும் அரை மணியில் செத்தது. கூடத்துப் பிளக்கில்தான் கோளாறு என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டான். அவர் வந்து பார்த்து, பிளக் என்னைவிட ஆரோக்கியமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். இப்படியே தூக்கிக்கொண்டு போவதும் ஓடுவதும், கொண்டுவந்து வைப்பதும் சாவதுமாக இருந்தது. கடைசியில் ஒருநாள் நீலத்திரையில் வெள்ளை எழுத்தாக ஏதோ வந்து அப்படியே நின்றுவிட்டது. உன் தம்பி முகத்தில் ஈயாடவில்லை.

மெயின் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அக்காவிடம் போய் நின்றேன். அவர் நேரில் வந்தார். பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தவர், இது என்ன என்று கேட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நீ வந்து பார்த்து அசந்து போகட்டும் என்று உன்னிடம் மறைத்து வைத்திருந்தேன். தீவில் காற்று ஊசியாய்க் குத்துகிறது என்று நீ எழுதியதை வாலுவுக்குப் படித்துக் காட்டினேன் அல்லவா? அப்படியென்றால் பெட்டிக்குள் இருக்கும் அம்மாவுக்கும் குளிருமே என்றது. கடையில் சோபாவுக்கும் வண்டி சீட்டுக்கும் கவர் தைத்துத் தைத்தே கை பழகியவன் நான், சும்மா இருப்பேனா? அரை அங்குல ஃபோம் வைத்து, நீல ரெக்சினில், ஓரமெல்லாம் பைப்பிங் கொடுத்து, மூன்று பக்கமும் ஜிப் வைத்து ஒரு சட்டை தைத்து மாட்டிவிட்டேன். பட்டனுக்கும் வயருக்கும் மட்டும் ஓட்டை. அவ்வளவு கச்சிதம். உன் தம்பி ஒவ்வொரு முறையும் கழற்றி வைத்துவிட்டு வேலை பார்ப்பான், கூடத்துக்கு வந்ததும் நான் பொறுப்பாக மறுபடி மாட்டுவேன். கோளாறு எங்கே இருந்தது என்று இப்போது உனக்கே புரிந்திருக்கும்.

அக்கா ஜிப்பை இழுத்தார். உள்ளிருந்து அடித்த அனலில் கையை எடுத்துக்கொண்டார். இதற்கு மூச்சுவிட இடமே இல்லையே அண்ணே, வெந்து போய்த்தான் தானாக நின்றிருக்கிறது என்றார். யார் தைத்தது என்றும் கேட்டார். நான் அசடு வழிந்துகொண்டு நின்றேன். தையல் நன்றாக இருக்கிறது, தன் ஸ்கூட்டர் சீட்டுக்கும் இப்படி ஒன்று தைத்துத் தருவீர்களா என்று அவர் கேட்டதில் கொஞ்சம் ஆறுதல்.

கடைக்கு எடுத்துக்கொண்டு போய்ப் புது விசிறி மாட்டி, பாழான புரோகிராம்களை அழித்துப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார். உன் கதைகளைப் பத்திரமாக எடுத்துத் தனியாக ஒரு சிடியிலும் பதிந்து தந்தார். கும்பிடாத குறை. எனக்கு நான் எழுதிய பதிலும் ஞாபகம் வந்து கேட்டேன். அதை நான் சேமிக்கவே இல்லையாம், போனது போனதுதான் என்றார்.

நேற்று மதியம் கூடத்தில் பெட்டியை வெறும் மேனியாக வைத்து, உன் குரலை ஓடவிட்டேன். சாப்பிட்டியாடா கண்ணு என்று நீ ஆரம்பிப்பாய் இல்லையா, அதுதான் முதலில் வந்தது. வாலு ஓடிவந்து உட்கார்ந்து, சாப்பிட்டேன், எனக்குப் பல்லு ஆடுதும்மா என்றது. சொல்லிவிட்டு வாயை ஆவென்று திறந்து திரைக்கு நேராகக் காட்டியது. நீ கதையைத் தொடங்கிவிட்டாய். நிறுத்தச் சொல்லி, முதலிலிருந்து போடச் சொன்னது. இன்னும் கிட்டே போய், இன்னும் சத்தமாகச் சொன்னது. நீ மறுபடி கதைக்குப் போய்விட்டாய். நான்கைந்து முறை அப்படிச் செய்த பிறகு என் பக்கம் திரும்பியது.

"அப்பா, அம்மாவுக்கு நான் பேசறது கேக்கலையா?"

போன வருஷம் இந்தக் குழந்தைக்குக் கேட்பது மட்டும் போதுமாக இருந்தது. வளர்ந்துவிட்டதடி. நான் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

அன்று நான் தட்டியது என்ன தெரியுமா? நீ தாராளமாக இரு, இங்கே எல்லாம் நன்றாக ஓடுகிறது, எங்களைப் பற்றிக் கவலைப்படாதே என்று பெரிய மனுஷன் மாதிரி எழுதியிருந்தேன். உன் வேலை சின்ன வேலை இல்லை. புயல் வருகிறது என்று நீ சொன்னால் எத்தனையோ பேர் படகைக் கரையேற்றுகிறார்கள். அதைச் சொல்லி எனக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்கிறேன். அங்கேயே இருப்பது என்று நீ முடிவு செய்தாலும் என் அன்பு ஒரு துளி குறையாது. ஆனால் நீ கேட்டது என் மனதில் இருப்பதை. நான் எழுதி வைத்தது பொய். நல்லவேளை, தொலைந்தது.

இங்கே ஒன்றும் நன்றாக ஓடவில்லை. நானும் நன்றாக இல்லை. அந்தப் பல் இன்னும் விழவில்லை, நாக்கால் தள்ளாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கடல் உனக்கு அமைதியாக இருக்கட்டும், காற்று அனுகூலமாக அடிக்கட்டும். இதற்குப் பதில் எழுதாதே. நீயே வந்துவிடு.

வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் வீட்டுக்காரன்