கைஸ் பேசியதைப் பேச்சாகக் கணக்கில் எடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஃபிர்யால் பதாய்னே,
ஓய்வு பெற்ற அரபி ஆசிரியை,
அஞ்சலகப் பின்தெரு, மூன்றாம் மாடி,
இர்பித், ஜோர்டான்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மழலையர் மூளை வளர்ச்சி ஆய்வு மையம்,
இர்பித்.

பொருள்: சிறுவன் கைஸ் "சொற்களால் தேவையைச் சொல்லாதவன்" என்று வகைப்படுத்தப்பட்டு ஆய்விலிருந்து நீக்கப்பட்டது – மறுபரிசோதனை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மீது அமைதி நிலவட்டும்.

1. நான் இந்த ஊர்ப் பெண்கள் பள்ளியில் அரபி கற்பித்து ஓய்வு பெற்றவள். எங்கள் கட்டடத்தில் எனக்குக் கீழ் மாடியில் குடியிருக்கும் ரவ்தா என் பழைய மாணவி. அவள் கணவர் அகபா துறைமுகத்துக்குச் சரக்கு லாரி ஓட்டுபவர். பாதி நாள் வெளியூரில்தான் இருப்பார். ஆகவே அவள் தன் மகன் கைஸைத் தங்கள் மையத்துக்கு அழைத்து வந்தபோது துணைக்கு நானும் வந்தேன். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். கைஸுக்கு ஆட்டிசம் இருப்பதை மூன்று வயதிலேயே மருத்துவர்கள் உறுதி செய்துவிட்டார்கள். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை.

2. தங்கள் ஆய்வை நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகள் தூங்கும்போது மூளையைப் படமெடுத்து, ஆண்டுக்கு ஆண்டு அது வளரும் விதத்தைக் கவனிக்கிறீர்கள். தேவையைச் சொற்களால் சொல்லும் குழந்தைகள் ஒரு பிரிவு, சொல்லாத குழந்தைகள் மற்றொரு பிரிவு. ஆய்வில் சேரும் குழந்தைக்கு மையத்தின் மழலையர் வகுப்பில் இரண்டு ஆண்டு இடம் கிடைக்கிறது. ரவ்தா நம்பி வந்தது அந்த வகுப்பைத்தான். இந்த ஊரில் கைஸைச் சேர்த்துக்கொள்ள வேறு வகுப்பு இல்லை. அவனை இரண்டாம் பிரிவு என்று முடிவு செய்து, அந்தப் பிரிவில் மட்டும் இடம் நிரம்பிவிட்டதால் பெயரை நீக்கிவிட்டார்கள். ஐந்து வயது நிறைவதற்குள் முதல் படம் எடுத்தாக வேண்டும் என்பது தங்கள் விதி. அவனுக்கு அடுத்த மாதம் இருபதாம் தேதி ஐந்து நிறைகிறது.

3. பரிசோதனை அன்று நான் அறையின் மூலையில் உட்கார அனுமதிக்கப்பட்டேன். மருத்துவர் ஷிரீன் அவர்கள் தரையில் அமர்ந்து, பொறுமையோடும் அன்போடும் அவனிடம் பேசினார். "கைஸ் கண்ணா, இங்க பாரு, பலூன்! ஊதித் தரட்டுமா? வேணும்னு சொல்லு, ஊதறேன்" என்று பலமுறை கேட்டார். அவன் தலை நிமிரவில்லை. சிறிது நேரம் கழித்து, அவன் உருட்டிக்கொண்டிருந்த சிவப்பு வண்டி அலமாரிக்கு அடியில் போய்விட்டது. அவன் எழுந்து நின்று, மருத்துவரைப் பார்த்து, தெளிவான புத்தக அரபியில், "தோழரே! எமது வாகனம் பாறைகளுக்கு அடியில் சிக்கிக்கொண்டது. உடனடியாக உதவி தேவை!" என்றான். மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஐயோ, என்ன அழகா கார்ட்டூன் வசனம் சொல்றான்!" என்றார். ரவ்தாவும் சிரித்தாள். நானும் புன்னகைத்தேன். கேட்ட வசனத்தைத் திருப்பிச் சொன்னான் என்று பதிவாகியது. வண்டியை யாரும் எடுக்கவில்லை. அவன் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டான். அதன்பின் ஒரு சொல்லும் பேசவில்லை.

4. ஐயா, வீட்டில் ஓர் அரபி, புத்தகத்தில் வேறோர் அரபி என்பதற்குள்தான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். புத்தக அரபியைச் செய்தி வாசிப்பவரும் தொழுகை உரை நிகழ்த்துபவரும் கார்ட்டூன் வீரர்களும் பேசுவார்கள். பசித்த குழந்தை அதைப் பேசும் என்று நம்மில் எவருக்கும் தோன்றாது. அதனால் நடந்ததை மருத்துவரின் குறையாக நான் சொல்லவில்லை. இந்த ஊரில் யார் அங்கே இருந்திருந்தாலும் சிரித்திருப்பார்கள்.

5. ஆனால் டி.வி. பார்த்துப் பழகிய கைஸுக்கு வந்த மொழி அது ஒன்றுதான். எங்கள் தெருவில் அபூ மாஹெரின் ஃபலாஃபெல் வடைக் கடையில் நான் கண்ணால் கண்டதை எழுதுகிறேன். அவனைக் கண்டதும் கடைக்காரர், "அடடே, மந்திரி வந்துட்டாரு, வழி விடுங்கப்பா! உத்தரவு போடுங்க மந்திரி!" என்பார். அவன், "வணிகரே, எமக்கு ஒரு ரொட்டி வேண்டும். ஊறுகாயை நீக்கிவிடுங்கள்" என்பான். ஒரு நாள் வரிசையில் நின்ற ஒருவர், "ஏம்மா உம்மு கைஸ், புள்ளைய நீ வளக்கிறியா, டி.வி. வளக்குதா?" என்று கைஸின் தாயான ரவ்தாவைக் கேட்க, கடையே சிரித்தது. ரவ்தா முகத்திரை அணியாதவள்; அன்று தலைமுக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். நான் யோசித்தது வேறு. வாளேந்திய எந்தக் கார்ட்டூன் வீரனும் ஊறுகாய் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்த வாக்கியத்தைக் கைஸ்தான் கட்டினான்.

6. அவன் சொற்களில் பாதி இரவல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் மாணவிகளும் முதல் கட்டுரையைப் பாடநூல் வரிகளைக் கோத்துத்தான் எழுதினார்கள். இரவல் குடையானாலும், மழை பெய்யும்போது விரிக்கிறானா என்பதையே பார்க்க வேண்டும் என்பது என் தாழ்மையான எண்ணம்.

இன்னொன்றும் உண்டு. இரண்டு மாணவிகளின் விடைத்தாள்கள் மாறி அடுக்கப்பட்டால், பிறகு எவ்வளவு கவனமாகத் திருத்தினாலும் மதிப்பெண் தவறாகத்தான் வரும். கைஸைப் போன்ற குழந்தைகள் இந்த நாட்டில் இன்னும் இருப்பார்கள். பேசும் குழந்தையைப் பேசாதவர்களோடு வைத்துப் படமெடுத்தால், படம் துல்லியமாக இருந்தும் அது சொல்லும் செய்தி பிழையாகிவிடுமே என்று கவலைப்படுகிறேன்.

7. "நீ அவன்கிட்ட புத்தக அரபியிலயே பேசிப் பாரேன்" என்று ரவ்தாவிடம் முன்பே சொல்லியிருக்கிறேன். "போங்க டீச்சர். சொந்தப் புள்ளைகிட்ட நியூஸ் வாசிக்கிற மாதிரி பேச வெக்கமா இருக்கு. அதுவும் தப்புத் தப்பா வருது. நான் அரபில பாஸானதே உங்க புண்ணியம், உங்களுக்குத் தெரியாதா?" என்பாள்.

பரிசோதனை முடிந்து திரும்பிய அன்று, கைஸ் எங்கள் கட்டடத்தின் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். ரவ்தா தூக்கப் பார்த்தாள், உடம்பை விறைத்துக்கொண்டான். பிறகு சுவரைப் பார்த்து, "உதவி வரவில்லை" என்றான். கார்ட்டூன் குரல் இல்லை. மெதுவாகச் சொன்னான்.

அண்டை வீட்டுப் பெண்கள் காய்கறிப் பைகளோடு படியில் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னிலையில் ரவ்தா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, திக்கித் திக்கி, புத்தக அரபியில், "உதவி வரும், வீரனே. சற்றுக் காத்திரு" என்றாள். அவன் திரும்பித் தாயின் முகத்தைப் பார்த்தான். "அவ்வாறெனில் காத்திருப்பேன்" என்று சொல்லி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினான்.

8. ஆகவே தாங்கள் மனம் வைத்து, அவனுக்கு ஐந்து வயது நிறைவதற்குள், புத்தக அரபியில் கேள்வி கேட்டு, புத்தக அரபியிலேயே பதில் சொல்லும் ஒருவரைக் கொண்டு அவனை மறுபடி பரிசோதிக்க ஆணையிட வேண்டுகிறேன். மருத்துவர் ஷிரீன் அவர்களே செய்தால் மிகவும் நல்லது. அவன் உதவி கேட்டது அவரிடம்தான். முடிவு எதுவானாலும் ஏற்றுக்கொள்வோம்.

அந்தச் சிவப்பு வண்டி இன்னும் அலமாரிக்கு அடியில்தான் கிடக்கும் என்று நினைக்கிறேன். கூட்டுபவர்களிடம் அதை அங்கேயே விட்டுவைக்கச் சொல்லுங்கள். கைஸ் வந்து மறுபடி கேட்பான். அப்போது யாராவது குனிந்து எடுத்துக் கொடுத்தால் போதும்.

நன்றியுடன்,
ஃபிர்யால் பதாய்னே

மேற்கண்டவை உண்மை, எனக்குச் சம்மதம்:
ரவ்தா (கைஸின் தாய்)

இடம்: இர்பித்
நாள்: 14.05.2023