என்ன குரூப் என்று கேட்டார்கள்

வைகாசி 9, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் அறிவுச்செல்வனுக்கு அம்மா செவ்வந்தி எழுதிக்கொள்வது. நானும் உன் தங்கையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டாலும் போனில் இல்லை என்று சொல்லமாட்டாய், அது உன் அப்பா வழி. தினம் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நம் வீட்டில் இருப்பது ஒரு கூடமும் ஒரு அறையும்தான், போனில் எதைச் சொன்னாலும் செந்தாமரை காதில் விழும், இது அவள் காதில் விழக்கூடாத விஷயம். பக்கத்து வீட்டு ஈஸ்வரியின் தம்பி நெடுஞ்செழியன் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் விமானம் ஏறுகிறான். சிங்கப்பூரில் இறங்கிய அன்றைக்கே உன் ரூமில் வந்து கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். பருப்புப்பொடி பாக்கெட்டோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன், பார்த்துப் பிரி.

ஊரில் சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. ஆற்றில் மணல்தான் தெரிகிறது, மேட்டூர் திறந்தால் ஆனி பிறந்து தண்ணீர் வரும் என்கிறார்கள். போர்செட்டு வைத்திருக்கிறவர்கள் குறுவைக்கு நாற்று விட்டுவிட்டார்கள். அப்பா குத்தகைக்குப் பார்த்த ஆறு மா நிலத்தை இந்த வருஷமும் நீங்களே பாருங்கள் என்று நிலத்துக்காரர் சொன்னார், சரி என்றேன். விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், இப்போதெல்லாம் என் வாயில் இருப்பது அந்த ஒரு வார்த்தைதான். நாள் பூராவும் சேற்றில் நின்று நட்டுவிட்டுக் கரையேறினால் கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் மரத்திருக்கும், மார்கழியிலிருந்து எனக்கு உள்ளே அப்படித்தான் இருக்கிறது. வலி ஒன்றும் இல்லை. ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒரு கிடாய், ஒரு பெட்டை. சந்தோஷப்பட வேண்டும் என்று ஞாபகம் வந்தது, அவ்வளவுதான், போய்த் தழை ஒடித்துப் போட்டேன்.

செந்தாமரை மார்க்கு உனக்குத் தெரியும். மற்ற எல்லாம் எண்பதுக்கு மேலே, அறிவியல் தொண்ணூற்றொன்று, கணக்கு மட்டும் நாற்பத்தாறு. நீ போனில் கத்தியது தெருவுக்கே கேட்டது. அவள் ப்ளஸ் ஒன்னில் கணக்கு இல்லாத குரூப்தான் எடுப்பேன் என்கிறாள், நீ கணக்கை விட்டால் எல்லாம் போச்சு, முதல் குரூப்தான் என்கிறாய். ஊரிலும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், அண்ணன் சிங்கப்பூரில் இருக்கும்போது உனக்கென்ன, எடுடீ என்கிறவர்கள் உண்டு, பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு அவ்வளவு கஷ்டம் என்கிறவர்களும் உண்டு. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா. நான் எட்டாவதோடு நாற்றங்காலில் இறங்கினவள், எனக்கு எந்தக் குரூப்பில் என்ன இருக்கிறது என்று என்ன தெரியும். நீ சொன்னால் சரி என்றேன், அவள் சொன்னாலும் சரி என்றேன்.

போன திங்கட்கிழமை நீடாமங்கலம் போய்ப் பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் ஜன்னல் முன்னால் நின்றோம். நல்ல கூட்டம், வெயில் வேறு. எங்கள் முறை வந்ததும் உள்ளே இருந்த கிளார்க் தலை நிமிராமல் என்ன குரூப்மா என்று கேட்டார். ஓ நெகட்டிவ் சார், ரெண்டு யூனிட் வேணும், அவசரம் என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கிளார்க்கும் சிரித்துக்கொண்டேதான் நிமிர்ந்தார், செந்தாமரை முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை, தப்பாக என்ன சொல்லிவிட்டோம் என்பதே கொஞ்ச நேரம் தெரியவில்லை. மார்கழியில் அப்பா வண்டியில் அடிபட்டுத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த இரண்டு நாளும் எந்த ஜன்னலில் போய் நின்றாலும் அதைத்தானே கேட்டார்கள். நீயும் அங்கிருந்து யார் யாருக்கோ அதைத்தானே அனுப்பிக்கொண்டிருந்தாய். கேட்ட ரத்தமும் கிடைத்தது, கொடுத்தவர்கள் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்கட்டும், அப்படியும் அவர் போய்விட்டார். குரூப் என்றால் என் வாய்க்குப் பழகியது அது ஒன்றுதான் தம்பி.

கணக்கு டீச்சர் குந்தவை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எங்களை உள்ளே கூட்டிப்போய் மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். தங்கமான மனுஷி, பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது. ப்ளஸ் ஒன் கணக்கு லேசு இல்லைம்மா, ரெண்டு தடி புஸ்தகம், பத்தாவதுல தொண்ணூறு வாங்கினதுங்களே முழி பிதுங்குதுங்க, வேணாம்னா நான் கட்டாயப்படுத்தமாட்டேன், ஆனா இதை மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க என்று பீரோவிலிருந்து அரையாண்டுக் கணக்குத் தாளை எடுத்து நீட்டினார். மேலே எண்பத்தெட்டு என்று சிவப்பு மையில் போட்டிருந்தது. நீயும் நானும் இவளுக்குக் கணக்கு வராது என்றல்லவா இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தோம். செந்தாமரை அந்தத் தாளைத் தொடவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுத்தால் போதும் என்று படிவத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார் டீச்சர்.

பஸ் ஏறி ஊருக்குத் திரும்பினோம். இறங்கி வாய்க்கால் கரையில் நடக்கும்போது, அப்பா சாவறப்ப நான் கிராஃப் போட்டுக்கிட்டு இருந்தேம்மா என்றாள். அரையாண்டுக் கணக்குப் பரீட்சை அன்றைக்குத்தானே, காலையில் பதினொன்றரைக்கு அவர் போனார், இவள் ஒன்றேகால் வரைக்கும் எழுதியிருக்கிறாள். வெளியே வந்தப்ப ஸ்கூல் வாசல்ல ஈஸ்வரி அக்கா நின்னாங்க, நான் ஓடிப்போயி எல்லாம் வந்துடுச்சுக்கா, கிராஃபுகூட நேரா வந்துடுச்சுன்னு சிரிச்சேன், அக்கா நான் சொல்லி முடிக்கிறவரைக்கும் கேட்டுக்கிட்டே நின்னாங்க, இப்ப நோட்டைத் தொறந்தா எனக்கு அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வருது, ஒடம்பு கூசுது என்றாள். பொதுத்தேர்விலும் கணக்குப் பரீட்சை அன்றைக்குப் பாதி நேரம் பேனாவை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாளாம். அதற்கப்புறம் நின்று என் முகத்தைப் பார்த்து, என்னை ஏன் நடுவுல வந்து கூப்புடலை, யாரு வேணாம்னது என்று கேட்டாள்.

யார் வேண்டாம் என்றது என்று உனக்குத் தெரியும், அறிவு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா என்று ஈஸ்வரிக்குச் சொல்லப் போனை எடுத்தேன், அதற்குள் நீ கூப்பிட்டுவிட்டாய். தேம்பிக்கொண்டே, பரீட்சை முடியட்டும்மா, இன்னும் கொஞ்ச நேரந்தான், அதை எழுதவிடுங்க என்றாய். நான் அதற்கும் சரி என்றேன். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. டிக்கெட்டுக்கு அங்கே அலைந்துகொண்டிருந்தவன், தங்கைக்கு அந்தப் பரீட்சையாவது மிஞ்சட்டும் என்று நினைத்தாய், பாசத்தில் சொன்னதுதான். அவள் கேட்டபோது, நான்தான் வேண்டாம் என்றேன் என்று சொல்லிவிட்டேன். பொய்யும் இல்லை, சரி என்றவள் நான்தானே. இந்த நாலு நாளாகச் சோறு போட்டால் சாப்பிடுகிறாள், வேலை சொன்னால் செய்கிறாள், தலை வாரிவிடுகிறேன் வா என்றால் மட்டும் வருவதில்லை, தானே கோணல் வகிடு எடுத்துப் பின்னிக்கொள்கிறாள். அது எனக்கு வலித்தது. ஐந்து மாதத்தில் எனக்கு வலித்தது அது ஒன்றுதான்.

நீ அவளிடம் கஷ்டப்பட்டுப் படித்தால் கணக்கு தானாக வரும் என்று தினம் சொல்கிறாய். அன்றைக்கு வந்ததுதான் தம்பி அவளுக்குத் துக்கம். முதல் குரூப் எடுத்தாலும் எனக்குச் சம்மதம், கணக்கே வேண்டாம் என்று வேறு எடுத்தாலும் சம்மதம், அந்த இரண்டு தடிப் புத்தகமும் படிக்காமல் எத்தனையோ பேர் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் தான் ஏதோ பாவம் செய்துவிட்ட மாதிரி நினைத்து அவள் ஒன்றை விடக்கூடாது. படிவத்தில் நான் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறேன், குரூப் என்ற இடத்தை அவளே எழுதட்டும் என்று விட்டுவிட்டேன். அலமாரியில் சாமி படத்துக்கு அடியில் இருக்கிறது, இரண்டு தடவை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டாள்.

வெயிலில் வேலை செய்கிறவன் நீ, மோர் கிடைத்தால் வாங்கிக் குடி, ஹெல்மெட்டைக் கழற்றாதே. பொடியில் உப்பு கூடிப்போயிருந்தால் நெய்யைக் கூடுதலாக ஊற்றிக்கொள், இப்போது என் நாக்குக்கும் சரியாகத் தெரிவதில்லை. வீடு கட்டுகிற வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அதை நினைத்து ஓவர்டைம் பார்க்காதே. தொட்டதெல்லாம் துலங்கி, நோய்நொடி இல்லாமல், உன் அப்பா பெயர் சொல்ல நீ நூறு வருஷம் இருக்கவேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. படிவம் கொடுக்கவேண்டிய வருகிற வெள்ளிக்கிழமைக்கு முன்னால் செந்தாமரையைக் கூப்பிட்டுப் பேசு, நான் கொல்லைப் பக்கம் போய்விடுகிறேன். கணக்கைப் பற்றி எடுக்காதே. அன்றைக்குப் பரீட்சை முடியட்டும் என்றது நீதான் என்று உன் வாயால் சொல். திட்டினால் வாங்கிக்கொள், போனை வைத்துவிடாதே. அவள் அழ ஆரம்பித்தால் நீயும் கூட அழு, நம் மூன்று பேரில் இன்னும் அழத் தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

இப்படிக்கு
உன் அம்மா
சா. செவ்வந்தி