முதுகு தெரியும் காட்சி

பிப்ரவரி 9

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கு நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? கிரேனில் ஏறி உட்கார்ந்தால் மறந்துபோகிறது என்று கதை விடாமல் தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நல்ல சேதி. கல்யாணமான புதிதில் மாற்றி மாற்றிப் படித்தோமே, கள்ளக்காதலனோடு சேர்ந்து குதிரை வண்டியின் கடையாணியைப் பிடுங்கிவைத்து, சக்கரம் கழன்று சாகும்படி புருஷனைக் கொல்லுகிறவளின் கதை, அந்த நாவலைப் படமாக எடுத்துவிட்டார்கள். கதாநாயகிக்கு நம் மொழி வராது. குரல் நான்தான். தோழிக்கும் அழுகிற குழந்தைக்கும் தொண்டையை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவளுக்கு முதல் முறையாக ஒரு முழுப் படம்.

ஒலிப்பதிவாளர் சரியான சிடுமூஞ்சி. மூச்சு விட்டால்கூட "மறுபடி" என்கிறார். சுரங்கத்தில் லீவு கொடுத்தால் வந்து என்னைக் காப்பாற்றுங்கள்.

உங்கள் வாயாடி

மே 3

அன்பு வாயாடிக்கு,

சுரங்கத்துக்குத் திரும்பி வந்து சேர்ந்தேன். பத்து நாள் லீவு கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. நீ இளைத்திருக்கிறாய். கேட்டால் வேலை என்கிறாய். வேலை என்று வீட்டை விட்டு வந்தவன் நான், உன்னை என்ன சொல்ல?

ரயில் நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பாத்துப் போங்க. திரும்பி வர்ற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்" என்றாயே, கிரேனில் எண்பது அடி உயரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது அதுதான் எனக்குத் துணை.

ஆமாம், உன் சிடுமூஞ்சி என்ன ஆனார்? நான் இருந்தவரை அவரை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லையே. திருந்திவிட்டாரா?

உன் அத்தான்

ஜூன் 21

அன்புள்ள அத்தானுக்கு,

அவர் அப்படியேதான் இருக்கிறார். வேலை முடிகிற நேரம், அதனால் திட்டவில்லை, வேறொன்றுமில்லை.

நேற்று கொலைக் காட்சி. நாவலில் அவள் வாசலில் வாயே திறக்காமல் நிற்பாள், ஞாபகம் இருக்கிறதா? படத்தில் அவளுடைய முதுகுதான் தெரிகிறது. வண்டியில் ஏறுகிற புருஷன் அவளைப் பார்த்துச் சிரிக்கிறான். அவள் உதடு தெரியாததால் எதை வேண்டுமானாலும் பேசலாம். "அவன் சிரிக்க ஒரு காரணம் வேணும், நீங்களே ஏதாவது சொல்லுங்க" என்றார் டைரக்டர். வாயில் வந்ததைச் சொன்னேன். முதல் தடவையே சரி என்று எல்லோரும் கைதட்டினார்கள். நான் வெளியே போய் முகம் கழுவினேன்.

அத்தான், நீங்கள் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டாம். கொலையும் ரத்தமும் உங்களுக்கு ஆகாதே.

உங்கள் வாயாடி

நவம்பர் 12

வாயாடிக்கு,

இங்கே கொட்டகையில் உன் படம் போட்டார்கள். நீ வேண்டாம் என்றது மறக்கவில்லை. ஆனால் உன் குரலைக் கேட்டு ஆறு மாதமாயிற்றே. என் பெண்டாட்டி குரல் என்று எல்லோரிடமும் தம்பட்டம் அடித்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

வாசல் காட்சி வந்தது. "பாத்துப் போங்க. திரும்பி வர்ற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்." அதே இழுப்பு. "இங்கதான்" என்னும்போது அதே சின்ன நடுக்கம். பக்கத்திலிருந்த வெல்டர், "பாவி, எவ்வளவு ஆசையா அனுப்புறா பாரு" என்று என் தொடையில் தட்டினான். நானும் சிரித்துவைத்தேன். திரையில் அவனும் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்குச் சொன்னதை எடுத்து அவளுக்குக் கொடுத்தாயா? இல்லை, எனக்குச் சொன்னபோதே அது அவள் பேச்சுதானா? முன்னது என்றால் எனக்குக் கோபமில்லை, நாக்கில் இருந்தது வந்துவிட்டது என்று இருந்துவிடுவேன். நீ எதை எழுதினாலும் நம்புவேன்.

அத்தான்

நவம்பர் 25

அத்தான்,

முன்னது என்று எழுதிக் கிழித்தேன். மறுபடி எழுதி மறுபடி கிழித்தேன். நேரில் கேட்டிருந்தால் ஒரே மூச்சில் சொல்லியிருப்பேன், நீங்களும் நம்பியிருப்பீர்கள். காகிதத்தில் குரல் இல்லை. அதனால் எனக்குப் பொய் வரவில்லை.

ரயிலடியில் நீங்கள் கையசைத்தபோது, வெளியே அவர் வண்டியோடு காத்திருந்தார். அந்தச் சிடுமூஞ்சிதான்.

நான் யார் உயிரையும் எடுக்கவில்லையே என்று மனசைத் தேற்றிப் பார்த்தேன். அந்த ஒரு வரியைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருந்தீர்கள் என்பது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு தேற்றிக்கொள்ள முடியவில்லை.

மன்னிப்புக் கேட்கிற குரலும் எனக்கு நன்றாக வரும். அதனால் கேட்கவில்லை.

நீங்கள் திரும்பி வரும்போது நான் இங்கே இருக்க மாட்டேன். சாவி உங்கள் அக்காவிடம் இருக்கிறது. தைலம் அலமாரியில், மேல் தட்டில்.

வாயாடி