சுழல்தட்டுக்கு அடியில்

இன்று காலை எங்கள் வாஷிங் மெஷினைப் பார்க்க வந்த மெக்கானிக், உள்ளே கையை விட்டு அடியிலிருக்கும் சுழல்தட்டை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தான். "இது வராதுங்க மேடம். டிரம்மோட மாத்திடணும்" என்றான். எனக்கு வந்த கோபம் அவனுக்குப் புரிந்திருக்காது. "சுடுதண்ணி ஊத்திப் பார்த்தியா? கயிறு மாட்டி இழுத்தியா? பார்க்காமலே எப்படிச் சொல்ற?" என்று கத்தினேன். அவன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பிறகு நானும் என் கணவருமாகத் தட்டை எடுத்தோம். எடுத்ததும், ஊறிப்போன சோப்பும் முடியும் அழுக்குமாக ஒரு புளித்த நாற்றம் முகத்தில் அடித்தது. கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீ செத்து மூன்று மாதம் ஆகிறது. நோய் வந்ததைக்கூட நீ எனக்குச் சொல்லவில்லை. உன் தங்கை போனில் சொல்லித்தான் எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. அதற்காகவும் உன்மேல் கோபம்தான்.

சுங்குவார்சத்திரத்தில் நாம் எட்டுப் பெண்கள் குடியிருந்த அந்த மாடி நினைவிருக்கிறதா உனக்கு? கீழே வீட்டுக்காரம்மாவும் அவள் மகனும். மேலே நாம். நீ தென்காசிப் பக்கம், நான் உத்திரமேரூர்ப் பக்கம். இருவருக்கும் ஒரே செல்போன் கம்பெனியில் ஒப்பந்த வேலை. நாள் முழுக்க லைனில் நின்று, கண்ணுக்குத் தெரியாத திருகுகளை முடுக்குவது உன் வேலை. மொட்டை மாடிக் குழாயடியில் வீட்டுக்காரம்மா நமக்கென்று ஒரு பழைய மெஷினை வைத்திருந்தாள். அதைக் காட்டித்தான் நம்மைக் குடிவைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அது உறுமிவிட்டு நின்றது. அப்போது ஓடிக்கொண்டிருந்தது உன் துணி. அவள் கூப்பிட்டு வந்த ஆளும் இதே போலத்தான், எட்டிப் பார்த்துவிட்டு, டிரம்மே போச்சு என்றான். அவள் நேராக உன்னிடம் திரும்பினாள்.

"உங்க ஊர்ல மிஷின கண்ணால பார்த்திருப்பியா நீ? ஊக்கோட பாவாடையப் போட்டு ஓட்டிக்கினு, இப்ப முழிக்கிற. சாயங்காலத்துக்குள்ள பெட்டியத் தூக்கிக்கினு கெளம்பு."

நீ அழுவாய் என்று நினைத்தேன். நீ எதிரிலிருந்த சைக்கிள் கடைக்குப் போய் ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரை வாங்கி வந்தாய். பிளக்கைப் பிடுங்கினாய். தட்டின் நடுவிலிருந்த திருகு சுலபமாக வந்துவிட்டது. தட்டு வரவில்லை. நான் கரண்டிக் காம்பை விட்டு நெம்பப் போனேன். "ஒடச்சிப்புடாதளா" என்று என் கையைத் தட்டிவிட்டாய். சோறு வடிக்க வைத்திருந்த உலைநீரைக் கொண்டுவந்து நடுவில் ஊற்றி, ஆறும்வரை காத்திருந்தாய். துணிக்கொடி நைலான் கயிற்றை இரண்டாக அறுத்து, தட்டின் விளிம்புக்கு அடியில் எதிரெதிராக நுழைத்து, ஒன்றை என்னிடம் கொடுத்தாய்.

"முடுக்குனது எதுவும் கழலும். ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இழுக்கணும், அவ்வளவுதான்" என்றாய்.

மூன்றாவது இழுப்பில் அது டப்பென்று கையோடு வந்தது. அடியில் அதே நாற்றம், அதே சேறு. அதற்குள் ஒரு சட்டைப் பித்தான், ஒரு ஊக்கு. ஊக்கில் பச்சை நூல் சுற்றியிருந்தது. அது என்னுடையது. நீ என்னைப் பார்த்தாய். மற்றவர்கள் குனிவதற்குள் அதை எடுத்து உன் இடுப்பில் செருகிக்கொண்டாய். மெஷினை நிறுத்தியது ஊக்கு இல்லை. தண்டைச் சுற்றி இறுகிக் கிடந்தவை இரும்புச் சுருள்கள், லேத்தில் கடைசல் பிடிக்கும்போது உதிருமே, அவை. நம் கம்பெனியில் ஒரு வளையலைக்கூட உள்ளே விடமாட்டார்கள். நமக்கு ஏது இரும்புச் சுருள்? லேத்துப் பட்டறையில் வேலை செய்தவன் வீட்டுக்காரம்மாவின் மகன்.

அந்தச் சுருள்களைத் தட்டிலேயே அள்ளி வைத்துக் கீழே கொண்டுபோனாய். நானும் பின்னால் வந்தேன்.

"யம்மா, இது ஒங்க மவன் துணியில இருந்து வந்தது" என்றாய்.

"என் புள்ள துணிய நான் ஏன் உங்க மிஷின்ல போடப் போறேன்? யாரு பார்த்தா?"

நீ திரும்பி என்னிடம் கேட்டாய். "நீ பாத்தேல்லா? அன்னைக்கு எங்கிட்டச் சொன்னியே. சொல்லுளா."

நான் பார்த்திருந்தேன். சில வாரம் ஞாயிற்றுக்குப் பதிலாக வியாழக்கிழமை எனக்கு விடுமுறை வரும். எல்லோரும் ஷிப்டுக்குப் போன பிறகு, எண்ணெய்க் கறை படிந்த அவன் பேன்டுகளை அவள் மாடிக்குக் கொண்டுவந்து மெஷினில் போடுவதை ஒரு முறையல்ல, பல முறை பார்த்திருந்தேன். வீட்டுக்காரம்மா என்னையே பார்த்தாள். என்னையும் வெளியேற்றினால் எங்கே போவேன் என்பது மட்டும்தான் அப்போது என் தலைக்குள் ஓடியது.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

இரண்டே சொல். மெஷின் ஓடியது, நீதான் ஓட வைத்தாய். ஆனாலும் எதிர்த்துப் பேசினாய் என்று சாயங்காலம் உன்னை வெளியே அனுப்பினாள். மெயின் ரோட்டிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி உனக்கு ஓர் அறை கிடைத்தது. கம்பெனி பஸ் அங்கே வராது. அந்த மாதத்திலேயே மூன்று முறை பஸ்ஸைத் தவறவிட்டாய். ஒப்பந்தக்காரர் உன் பெயரை எடுத்துவிட்டார்.

ஊருக்குப் போவதற்கு முன் பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்க்க வந்தாய். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் தடுத்துவிட்டாய். "விடுளா. ஒனக்கும் இருக்க ஒரு எடம் வேணும்லா" என்றாய். ஏன் அப்படிச் சொன்னாய்? நாலு பேர் பார்க்க என்னை அறைந்திருக்கலாம். என் ஊக்கை அவள் முகத்தில் எறிந்திருக்கலாம். நீ விட்டுக்கொடுத்துவிட்டுப் போனாய். நான் அதே மாடியில் இன்னும் இரண்டு வருடம் இருந்தேன், அதே மெஷினில் துணி துவைத்தேன். நிரந்தர வேலை கிடைத்தது. இப்போது ஸ்ரீபெரும்புதூரில் சொந்த வீடு.

நீ இறந்த செய்தியைச் சொன்னபோது உன் தங்கை ஒன்று சொன்னாள். "அக்காவுக்கு எப்பவுமே அசட்டைதான்க்கா. தூங்கிப்போயி பஸ்ஸ விட்டுத்தான அந்தக் கம்பெனி வேலையும் போச்சு. அப்பா சாவுற வரைக்கும் அதச் சொல்லியே ஏசுனாவ." வீட்டில்கூட நீ உண்மையைச் சொல்லவில்லை. இத்தனை வருடம் அந்த ஏச்சை வாங்கியிருக்கிறாய்.

இன்று மதியம் கையைக் கழுவிவிட்டு உன் தங்கைக்குப் போன் செய்தேன். எதையும் குறைக்காமல் சொன்னேன். "உங்கக்கா தூங்கிப்போகல. செய்யாத தப்புக்கு அவள வீட்ட விட்டு அனுப்பிட்டாங்க, பஸ் வராத எடத்துலதான் ரூம் கெடைச்சது. தப்பு யார் மேலன்னு நான் பார்த்தேன். கேட்டப்போ தெரியாதுன்னு சொன்னேன்."

அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "இத எங்கப்பா இருக்கும்போது சொல்லியிருக்கலாமேக்கா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

அவள் ஏசவில்லை. உன்னைப் போலவேதான். அந்த வீட்டுக்காரம்மாவின்மேல் இருக்கும் கோபத்தை நான் என்றைக்காவது இறக்கிவைத்துவிடுவேன். என்மேல் இருப்பதை இறக்கச் சொல்ல இனி யாரும் இல்லை.